2050 யார் கையில்? சென்னையின் கார்பன் இலக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் மாதம் பெருநகர சென்னை மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் மையத்தில் இருப்பது ஒரு ஆண்டு: 2050. அதற்குள் சென்னை கார்பன் சமநிலையை எட்டிவிடும், அதாவது வெளியிடும் பசுங்குடில் வாயுவும் உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரியாகிவிடும் என்கிறது திட்டம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா சொன்ன ஆண்டு 2070. சென்னை அதைவிட 20 ஆண்டு முன்னதாக முடிப்பேன் என்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இலக்கை எட்டத் தேவையான வேலைகளில் பெரும்பாலானவை மாநகராட்சியின் அதிகாரத்திலேயே இல்லை. அரசு அமைப்பு ஒன்று உமிழ்வு இலக்கு வைக்கும்போது என்னென்ன நடக்கிறது, எது விட்டுப்போகிறது என்று பார்க்கச் சென்னை நல்ல உதாரணம்.

பின்னணி

திட்டத்தின் வரைவு 2022 செப்டம்பரில் வந்தது. மாநகராட்சிகளின் உலகக் கூட்டமைப்பான சி40 தயாரிப்பில் துணை நின்றது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டு, கருத்துச் சொல்லச் சில நாட்களே கொடுத்தார்கள். சூழல் அமைப்புகள் சத்தம் போட்ட பிறகுதான் அவகாசம் நீண்டது, தமிழ் வடிவமும் கிடைத்தது.

திட்டத்தின் அடிப்படை ஆண்டு 2018-19. அந்த ஆண்டில் சென்னையின் உமிழ்வு 1.438 கோடி டன், தலைக்கு 1.9 டன். (எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றிச் சொல்லும் கணக்கு இது.) இதில் 73 சதவீதம் கட்டடங்களும் தொழிற்கூடங்களும் செலவழிக்கும் ஆற்றலிலிருந்து வருகிறது, பெரும்பகுதி மின்சாரம். போக்குவரத்து 14 சதவீதம், குப்பையும் கழிவும் 13 சதவீதம்.

இலக்கு மூன்று படிகளாக வைக்கப்பட்டது. 2018-19-ஐ ஒப்பிட 2030-க்குள் 1 சதவீதம் குறைப்பு, 2040-க்குள் 40 சதவீதம், 2050-இல் சமநிலை.

முதல் படியைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஒரு சதவீதமா? சிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மொத்த அளவில் குறைப்பு. நாட்டின் இலக்கு அப்படியானதல்ல. 2022 ஆகஸ்டில் இந்தியா ஐ.நா.விடம் திருத்திக் கொடுத்த உறுதிமொழி, 2030-க்குள் உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வை 2005-ஐ விட 45 சதவீதம் குறைப்பது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால் அந்த இலக்கை எட்டிக்கொண்டே மொத்த உமிழ்வு கூடவும் செய்யலாம். வளரும் நாட்டுக்கு அது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். சென்னையோ மக்கள்தொகையும் வீடுகளும் ஏசியும் கூடிக்கொண்டே போகும்போது மொத்தத்தைக் கூடவிடாமல் பிடிப்பேன் என்கிறது. அந்த வகையில் 1 சதவீதம் சின்ன வாக்குறுதி இல்லை.

கோடு எப்படி இறங்குகிறது

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வளிமண்டலம் 2050-இல் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. அதுவரை மொத்தம் எவ்வளவு அனுப்பினோம் என்பதுதான் சூட்டை நிர்ணயிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே தங்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 2019-இல் 1.438 கோடி டன்னில் தொடங்கி 2050 வரை ஒரே சீராக இறங்கினால் மொத்த உமிழ்வு சுமார் 22.3 கோடி டன். திட்டத்தின் மூன்று படிகள் வழியே இறங்கினால் சுமார் 31.5 கோடி டன். தொடக்கமும் முடிவும் ஒன்றுதான், ஆனால் 9.2 கோடி டன் கூடுதல். இன்றைய அளவில் அது ஆறு ஆண்டு உமிழ்வுக்கு மேல்.

இதைச் சொன்னதும் வரும் பதில் தெரியும்: தலைக்கு 1.9 டன் வெளியிடும் ஊர், பத்து பதினைந்து டன் வெளியிடும் ஊர்களோடு ஏன் ஓட வேண்டும்? சரியான கேள்வி. சீரான கோட்டில் இறங்கு என்று சென்னையைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நியாயத்தின் பேரில் அவகாசம் எடுப்பதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி எடுக்கலாம். 2050 வரை எங்களுக்கு இத்தனை கோடி டன், அதற்குமேல் இல்லை என்று ஒரு மொத்த ஒதுக்கீட்டை அறிவித்திருந்தால் அதை வைத்து ஆண்டுதோறும் கேள்வி கேட்க முடியும்.

பிரிட்டன் அப்படித்தான் செய்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தூரத்து இலக்கோடு சேர்த்து ஐந்தாண்டுக்கு ஒரு முறை கார்பன் ஒதுக்கீடு வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அரசுக்கு வெளியே ஒரு குழு அதைக் கண்காணிக்கிறது. அரசின் திட்டம் போதாது என்று 2022-இலும் 2024-இலும் அங்கே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னைத் திட்டத்துக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் கிடையாது. இலக்கு தவறினால் யாரும் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய மாமன்றம் 2022 தேர்தலில் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒன்று வீதம் தேர்தல் ஒழுங்காக நடந்தாலும் 2050-க்குள் இன்னும் நான்கு மன்றங்கள் வந்து போய், ஐந்தாவது நடந்துகொண்டிருக்கும். (ஒழுங்காக நடந்தால். 2016 முதல் 2022 வரை சென்னைக்கு மன்றமே இல்லை.)

ஒரு கரண்ட் பில்

73 சதவீதம் என்பதைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு கரண்ட் பில் போதும். நான்கு பேர் உள்ள வீடு, ஒரு படுக்கையறையில் மட்டும் ஏசி, இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். கோடையில் கூடும், மார்கழியில் குறையும், சராசரியாக வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 3,600 யூனிட். இந்தியாவின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக அந்த வீட்டுக்கு மின்சாரத்தில் மட்டும் சுமார் இரண்டரை டன், தலைக்கு அறுநூறு கிலோவுக்கு மேல். 1.9 டன்னில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

இந்தப் பெருக்கலில் இரண்டு எண்கள். 3,600 வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. ஐந்து நட்சத்திர ஏசி வாங்கலாம், 26 டிகிரியில் வைக்கலாம், மொட்டை மாடியில் சோலார் போடலாம். தனி வீடு என்றால் சரி. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி யாருடையது, பேனல் போட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அடைபடாதா, நிழல் விழும் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் ஏன் பங்கு போட வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் அது மூன்று மாதம் இழுக்கும்.

இரண்டாவது எண்ணான 0.7 யார் கையில்? மாநில மின்வாரிய நிறுவனங்கள், மத்திய மின் நிலையங்கள், தனியார் காற்றாலைகள், தென்மாநிலங்களை இணைக்கும் மின்தடங்கள். மாநகராட்சி இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ரிப்பன் மாளிகைக்கு வரும் கரண்ட் பில்லில்கூட அந்த எண்ணை அவர்களால் மாற்ற முடியாது.

ஆனாலும் 2050-க்குள் நகரம் பயன்படுத்தும் மின்சாரத்தில் 93 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதை நம்பித்தான் திட்டத்தின் மொத்தக் கணக்கும் நிற்கிறது.

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் நின்று வடக்கே பார்த்தால் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். நின்று பார்க்கும் இடம் மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம். புகைபோக்கிகள் இருப்பது அத்திப்பட்டு, வல்லூர் பக்கம், திருவள்ளூர் மாவட்டம். வல்லூரில் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் 1,830 மெகாவாட். காற்று தெற்கே திரும்பினால் சாம்பல் எந்த எல்லையையும் பார்ப்பதில்லை, காட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உமிழ்வுக் கணக்குக்கு மட்டும் எல்லை உண்டு.

நகரங்களுக்கான உலகளாவிய கணக்கு முறை இப்படி: எல்லைக்குள் எரிப்பது ஒரு வகை. வெளியே எரித்து உள்ளே கொண்டுவரும் மின்சாரம் இரண்டாம் வகை. மற்ற மறைமுகமானவை மூன்றாம் வகை. வெளியே இருக்கும் அனல்மின் நிலையத்தின் உமிழ்வு நேரடியாகச் சென்னைக் கணக்கில் வராது. நகரம் பயன்படுத்தும் யூனிட்டுகளைக் கட்டமைப்பின் சராசரியால் பெருக்கித்தான் சேர்ப்பார்கள். ஒரே உமிழ்வை இருவர் கணக்கில் எழுதாமல் இருக்க இது நல்ல முறைதான். ஆனால் பக்கத்தில் எழும்பும் ஒரு நிலையம் நகரத்தின் கணக்கில் சுவடே இல்லாமல் கரைந்துபோகவும் இதுவே வழி.

அப்படித்தான் நடந்தது. செயல்திட்டம் வெளியாகி ஒன்பது மாதத்தில், 2024 மார்ச்சில், வடசென்னை மூன்றாம் கட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 800 மெகாவாட், நிலக்கரி. ஆண்டு முழுவதும் 70 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 490 கோடி யூனிட். யூனிட்டுக்கு 0.9 கிலோ என்று வைத்தால் ஆண்டுக்கு 44 லட்சம் டன். 2030-க்குள் நகரம் குறைப்பதாகச் சொன்ன 1 சதவீதம் எவ்வளவு? 1.44 லட்சம் டன். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்தது அதைப்போல் முப்பது மடங்கு. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இன்னும் 1,320 மெகாவாட் கட்டுமானத்தில் இருக்கிறது. நிலக்கரி நிலையத்துக்கு வழக்கமாக 25 ஆண்டு ஆயுள் வைத்துத்தான் விலைக் கணக்கு போடுவார்கள். மூன்றாம் கட்டத்துக்கு அது 2049-இல் முடிகிறது.

மாநில அரசை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. காற்றாலையில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று இது. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் முழு வேகத்தில் இருக்கும். சூரியன் சாய்ந்த பிறகு, எல்லா வீட்டிலும் ஏசி ஓடத் தொடங்கும் நேரத்துக்குச் சோலார் கிடையாது. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் குந்தா திட்டம் ஆண்டுக்கணக்கில் வேலையில் இருக்கிறது, அதுவும் 500 மெகாவாட்தான். சேமிப்பு வசதி பெரிய அளவில் வராதவரை மின்வாரியம் நிலக்கரியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆக, மாநகராட்சியின் 2050 இலக்கு உண்மையில் மின்வாரியத்தின் சேமிப்பு இலக்கு. அந்த வாரியம் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்பதே கேள்வி.

மும்பையோடு ஒரு ஒப்பீடு

மும்பை 2022 மார்ச்சில் தன் திட்டத்தை வெளியிட்டது. அங்கும் 2050தான். ஆனால் 2030-க்குள் 30 சதவீதம், 2040-க்குள் 44 சதவீதம். சென்னைக்கு நேர் எதிர் வடிவம்: முதல் பத்தாண்டில் பாய்ச்சல், நடுவில் மந்தம். எது நடக்கும் என்பது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது பெஸ்ட். அது மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம். தீவு நகரத்தில் மின்சாரம் விநியோகிப்பதும் ஊரில் பஸ் ஓட்டுவதும் அதுதான். சென்னையில் மின்சாரம் மாநிலத்துடையது, பஸ் மாநிலத்துடையது, மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம், கட்டட விதிகளில் பெரும்பங்கு மாநில அரசின் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுடையது. ஒரே மாதிரி இலக்கை இரண்டு நகரங்களும் எழுதியிருக்கின்றன, கையில் இருக்கும் அதிகாரம் மட்டும் ஒரே மாதிரி இல்லை.

பஸ்ஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா விளம்பரத்திலும் அதுதான் வருகிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. டீசல் பஸ் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் போனால், கிலோமீட்டருக்கு சுமார் 0.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் யூனிட் வரை எடுக்கும். இன்றைய கட்டமைப்பில் அது 0.7 முதல் 0.9 கிலோ. அதாவது இன்றைய நிலையில் குறைவே இல்லை. அண்ணா சாலையின் புகை அத்திப்பட்டுக்கு இடம் மாறுகிறது. நிறுத்தத்தில் நிற்பவருக்கும் போக்குவரத்துக் காவலருக்கும் அது பெரிய விடுதலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின்சாரம் சுத்தமாகச் சுத்தமாகக் கணக்கும் மாறும்.

ஆனால் இப்போதே குறைக்கும் வழி ஒன்று உண்டு. ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸில், டீசலோ மின்சாரமோ, ஒரு ஆளுக்கு கிலோமீட்டருக்கு 13 முதல் 18 கிராம். தனியாகப் பைக்கில் போகிறவருக்கு சுமார் 45 கிராம். பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறவைப்பதுதான் லாபம். அதற்கு பஸ் வர வேண்டும், நிறுத்தம் வரை நடக்க நடைபாதை வேண்டும். சென்னையில் ஓடுபவை மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள். நடைபாதை மட்டும் மாநகராட்சியின் வேலை. அந்த ஒன்றிலாவது, எந்த ஆண்டுக்குள் எத்தனை கிலோமீட்டர் என்று வார்டுவாரியாக ஒரு எண்ணை மாநகராட்சி யாரையும் கேட்காமல் அறிவிக்கலாம்.

கையில் இருப்பது

மாநகராட்சிக்கு முழு அதிகாரம் உள்ள பெரிய துறை குப்பை. 13 சதவீதம் என்றால் சுமார் 18.7 லட்சம் டன். மக்கும் குப்பை கிடங்கில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது வருவது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவில் சூடேற்றும். ஆனால் அது மேலே தங்குவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். நிறுத்தினால் பலன் சீக்கிரம் தெரியும். குப்பைத் துறையில் மட்டும் எட்டு சதவீதம் குறைத்தாலே நகரத்தின் 1 சதவீதம் வந்துவிடும். அந்த எட்டு சதவீதத்துக்கு மின்வாரியத்தின் சம்மதம் தேவையில்லை.

வேலை நடக்காமல் இல்லை. பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்டிருக்கிறார்கள், கொடுங்கையூரிலும் தொடங்கிவிட்டார்கள். சேத்துப்பட்டில் மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை இருக்கிறது. ஆனால் பழையதைத் தோண்டுவதால் நாளைய மீத்தேன் நிற்காது. அதற்கு வீட்டு வாசலில் பிரிக்க வேண்டும், பிரித்தது பிரித்தபடியே போக வேண்டும். காலையில் பேட்டரி வண்டி வரும்போது பாருங்கள். இரண்டு டப்பாவில் தனித்தனியாகக் கொடுத்த வீடும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்த வீடும் அடுத்தடுத்து இருக்கும். வண்டியில் தனி டிரம்கள் உண்டு. தெருமுனையில் பெரிய தொட்டி நிரம்பி வழிந்தால் எல்லாம் அதில்தான் போகும்.

இந்த நிலையில் கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலை வைக்கும் யோசனையை மாநகராட்சி முன்னெடுத்தது, வடசென்னைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். பரவலாக்கப்பட்ட குப்பை மேலாண்மை என்று செயல்திட்டத்தில் எழுதியவர்களே பெரிய உலைக்குப் போவது பொருந்தவில்லை. உலை வந்துவிட்டால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். பிளாஸ்டிக் எரிந்தால் அதுவும் உமிழ்வுதான், குப்பையைக் குறைக்கும் ஆர்வமும் போய்விடும். அனல்மின் நிலையங்களையும் மணலித் தொழிற்சாலைகளையும் ஏற்கெனவே சுமக்கும் பகுதி அது. இன்னொரு புகைபோக்கி உங்களுக்கு என்று சொல்ல எந்த இலக்கும் சாக்காக முடியாது.

என்ன செய்யலாம்

2050-ஐக் கைவிடச் சொல்லவில்லை. அதை உடைக்கச் சொல்கிறேன். குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, மாநகராட்சிக் கட்டடங்கள் ஆகியவற்றுக்கு மன்றமே பொறுப்பேற்கும் ஓர் எண், ஆண்டுவாரியாக, பட்ஜெட்டோடு சேர்த்து. ஆஸ்லோ 2017 முதல் இப்படிக் காலநிலை பட்ஜெட் போடுகிறது. மும்பையும் 2024-இல் ஒன்றை வெளியிட்டது. மின்சாரம், பஸ், மெட்ரோ பங்குக்கு மாநில அரசு எழுதித் தரும் எண்கள் தனியாக. முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கு ஓர் ஆட்சிக்குழு 2022 முதல் இருக்கிறது, நகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் கும்டா இருக்கிறது. அமைப்பு இல்லை என்று சொல்ல வழியில்லை.

2030 கணக்கெடுப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நாடு முழுவதற்குமான சராசரியை வைத்து மின்சார உமிழ்வைக் கணக்கிட்டால், ராஜஸ்தானில் சோலார் கூடினாலே சென்னையின் எண் இறங்கும். இங்கே ஒரு குண்டு பல்புகூட மாற்றாமல் 1 சதவீதத்தை எட்டிவிட்டோம் என்று அறிக்கை வரலாம். நேர்மாறாகவும் நடக்கலாம்: நகரம் உழைத்தும், மின்தேவை கூடியதால் தவறவிடலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட, உமிழ்வோடு நகரம் பயன்படுத்திய மொத்த யூனிட், கிடங்குக்குப் போன மக்கும் குப்பை டன், பஸ் பயணங்கள் ஆகியவற்றையும் ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். மாநகராட்சியிடமும் வாரியத்திடமும் இவை எல்லாம் ஏதோ ஒரு கோப்பில் ஏற்கெனவே இருப்பவைதான்.

அடுத்து வரப்போவது சிஎம்டிஏ தயாரித்துவரும் மூன்றாவது பெருந்திட்டம். மெட்ரோ நிலையங்களைச் சுற்றி எவ்வளவு உயரம், எத்தனை கார் நிறுத்தம், எந்த ஏரி ஓரம் கட்டக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். இன்று அனுமதி வாங்கும் கண்ணாடி மாளிகை 2050-இலும் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும். வரைவு வெளியாகும்போது, வார்டு கூட்டத்துக்குப் போகிறவர்கள் அதில் செயல்திட்டத்தின் எண்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, எந்த விதியாக மாறியிருக்கின்றன என்று முதலில் கேட்கலாம்.